நீலகிரியில் சரிவான மனையில் வீடு கட்டுவது எப்படி?

நீலகிரியில் மனை வாங்குவோரில் பலர் வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே பொறியாளரைத் தேடிச் செல்கிறார்கள். சமவெளியில் அதனால் பெரிய கேடில்லை. சரிவு மனையிலோ நிலம், தண்ணீர், விதி ஆகிய மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் வரைபடத்துக்கு வேலை வரும்.

படி 1: நிலத்தின் தகுதி

பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புல வரைபடம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண் குடியிருப்புப் பகுதியாக உள்ளதா, 'ஹாக்கா' என்று வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறதா, தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். தேயிலை நிலத்தைக் காட்டி, "அப்ரூவல் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கூடலூர்ப் பகுதியானால் ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்கள் பற்றிய 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் சிக்கல் நிலத்துக்கு உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்பது அவசியம்.

படி 2: சரிவை அளத்தல்

சர்வேயரைக் கொண்டு, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் சமவுயரக் கோட்டு வரைபடம் எடுத்தே ஆகவேண்டும். அதற்குமுன் தோராயமாக அறிய, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையை மனையின் மேல் விளிம்பிலும் மறுமுனையைக் கீழே நட்ட கம்பத்திலும் பிடித்து, குமிழி இல்லாமல், மேல்முனையில் நீர்மட்டம் தரையை ஒட்டி நிலைத்ததும் கம்பத்தில் கோடு போட்டு, தரையிலிருந்து அக்கோடு வரையுள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கிடைமட்டமாக 10 மீட்டருக்கு 3 மீட்டர் இறக்கம் என்றால் சரிவு ஏறத்தாழ 17 பாகை; அதாவது, சரிவின் திசையில் 10 மீட்டர் நீளமுள்ள வீட்டின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் ஒரு மாடி வித்தியாசம்.

படி 3: 7 மீட்டருக்குள் வடிவமைத்தல்

நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. சரிவில் அந்த 7 மீட்டரை எந்தத் தரைமட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை அனுமதி வழங்கும் அலுவலகத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு வரையச் சொல்லுங்கள். மனையை ஒரே மட்டமாக வெட்டுவதைவிட, அரை மாடி அளவில் இறங்கும் இரண்டு தளங்களாக வீட்டைப் பிரிப்பதே என் பார்வையில் சிறந்தது. மண் வெட்டும் அளவும் தடுப்புச் சுவரின் உயரமும் அதனால் குறையும்.

படி 4: அனுமதிகள்

உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதியோடு, நிலத்தின் தன்மையைப் பொறுத்து வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் ஆகிய துறைகளின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். சொந்த நிலத்து மரமானாலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஜேசிபி இறக்கவும் அனுமதி வேண்டும். வண்டிக்காரர் அதெல்லாம் வேண்டாம் என்பார், அபராதம் வரும்போது அவர் இருக்கமாட்டார்.

படி 5: மண் வேலையும் தடுப்புச் சுவரும்

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவுகளில் உயிரிழந்தனர். இங்குள்ள தடித்த செம்மண் நீரைக் குடித்துக் கனத்து, தன் பிடிமானத்தை இழக்கும்போதுதான் சரிகிறது. ஆகவே மண் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் முடித்துவிடுங்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளி நிரப்பி, அதன்மேல் அஸ்திவாரம் போடவே கூடாது. இறுகிய இயற்கை மண்ணில் படிப்படியாக இறங்கும் அஸ்திவாரமே நிற்கும்.

தடுப்புச் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் அதன் பின்னே தேங்கும் நீரின் அழுத்தம்தான். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் கசிந்து வெளியேற வரிசையாகத் துளைகள் விடுங்கள். பூச்சு வேலையில் அவற்றைச் சிமெண்ட்டால் அடைத்துவிடும் பழக்கம் உண்டு. கூடவே நின்று பாருங்கள்.

படி 6: மழைநீரும் கழிவுநீரும்

வெட்டிய சரிவுக்கு மேலே ஒரு வாய்க்கால் அமைத்து, மேலிருந்து வரும் நீரை வீட்டுக்குப் பக்கவாட்டில் திருப்பி, கல் பதித்த வடிகால் வழியாக ஓடைவரை கொண்டுசெல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் மனையில் விடுவது தீர்வாகாது. கழிவுநீர் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்கு மேற்புறம் தோண்டினால் கோடையிலும் அந்த மண் ஈரமாகவே இருக்கும். அதற்கான இடத்தை அஸ்திவாரத்துக்கு முன்பே பொறியாளரைக் கொண்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.