நடந்துவிட்டோம், சாப்பிடலாம் என்ற கணக்கு

ஜனவரி பிறந்தால் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் புதிய முகங்கள் கூடும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் அவர்களில் பாதிப் பேரைக் காண முடியாது. எடை குறைப்புக்கு வழிகாட்டுவது என் தொழில். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

இரவுப் பரோட்டா, மாலை பஜ்ஜி, குளிர்பானம் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை கெடுதல் என்று சாப்பிடுகிறவருக்கே தெரியும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிற தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

நடந்ததைக் காட்டிச் சாப்பிடுவது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்று நடந்தால் ஏறக்குறைய 245 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 70 கலோரி செலவாகியிருக்கும். ஆக, நடையால் கிடைத்த லாபம் 175 கலோரிதான். டிரெட்மில் திரையில் தெரியும் எண்ணிலும் பெரும்பாலும் அந்த 70 சேர்ந்தே இருக்கும்.

நடை முடிந்ததும் நண்பர்களோடு ஹோட்டலுக்குள் நுழைகிறார்கள். ஒரு கிண்ணம் நெய்ப் பொங்கல் சுமார் 300, ஒரு வடை 140, சர்க்கரை போட்ட பால் காபி 100. நடந்து சேர்த்ததைப் போல மூன்று மடங்கு பத்தே நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. ‘காலையில் நடந்தோமே’ என்ற நினைப்பு மதியம் இன்னொரு கரண்டி சோறு போட வைக்கிறது, மாலையில் இரண்டு முறுக்கை எடுக்க வைக்கிறது.

வங்கியில் பணிபுரியும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். தூறல் விழுந்தால்கூடக் குடை பிடித்துக்கொண்டு நடந்தவர். மாதக்கணக்கில் நடந்தும் எடை கூடித்தான் இருந்தது. தைராய்டு பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார். அதில் குறை எதுவும் இல்லை. “காலையில் இரண்டு இட்லிதான் சார், பொங்கல் பக்கமே போவதில்லை” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அடுத்த முறை வரும்போது மளிகைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

நான்கு பேர் உள்ள வீடு. ஹோட்டல் சாப்பாடு அபூர்வம். மாதம் ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயில் மட்டும் சுமார் 340 கலோரி. அவர் நம்பவில்லை. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் தாமே ஒருமுறை கணக்குப் போட்டார். அதே எண்தான் வந்தது. இட்லியில் எண்ணெய் இல்லை. இட்லிப் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெயிலும், சட்னித் தாளிப்பிலும், வாழைக்காய் வறுவலிலும், மாலைத் தோசையின் ஓரத்தில் சுற்றி விட்டதிலும் இருந்தது. அவர் வீட்டில் எண்ணெயை மூன்று லிட்டராகக் குறைத்தார்கள். நடையில் எதையும் மாற்றவில்லை. அதன் பிறகுதான் எடை இறங்கத் தொடங்கியது.

உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களைப் பற்றி மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினரின் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நாள்தோறும் பல கிலோமீட்டர் நடக்கும் அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றல், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, மேலை நாட்டு நகரவாசிகளைவிட அதிகமாக இல்லை. நடையில் செலவானதை உடல் வேறு வேலைகளில் சிக்கனம் பிடித்துச் சரிக்கட்டுகிறது என்பது பான்ட்சர் தரும் விளக்கம். எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு தட்டுக்குத்தான். நடையை அதற்கு ஈடாக வைக்காதீர்கள்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்பது

மேலே சொன்னதைக் கேட்டதும் சிலர் காலணியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுக் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக நாளை ஓட்டுவார்கள். எடை குறையும். கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது கொழுப்பு வேகமாக வந்துவிடும். இழந்த தசை அந்த அளவுக்குத் தானாகத் திரும்பாது. தசையைக் காப்பது எடை தூக்கும் பயிற்சி. ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வாரத்தில் இரண்டு நாளாவது செய்யலாம். நடையும் வீண் அல்ல. எடைத்தராசு அசையாத மாதங்களில்கூட அது வயிற்றின் உள்ளே உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பைக் குறைக்கிறது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது.

சாம்பாரைப் புரதம் என்று நம்புவது

பருப்புதானே என்பார்கள். நீர்க்க வைத்த சாம்பார் ஒரு கரண்டியில் கிடைப்பது ஓரிரு கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சைவர்கள் சுண்டல், தயிர், கெட்டிப் பருப்பு என்று வேளைக்கு ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு அதன் பிறகு சோற்றைப் போடட்டும்.

முதல் வாரத்துக் கொண்டாட்டம்

முதலில் குறையும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அது ஒரு வாரத்தில் இரண்டு இரண்டாகப் போகாது.

தொப்பைக்கு மட்டும் பயிற்சி

பலிக்காது.

எடை குறைந்ததும் நடையை நிறுத்துவது

குறைத்த எடையைக் குறைந்தது ஓராண்டாவது தக்கவைத்தவர்களைப் பதிவு செய்து கவனிக்கும் தேசியப் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. அதில் உள்ளவர்களில் மிகப் பலர் சாப்பாட்டையும் கவனிக்கிறார்கள், நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைக்கவும் செய்கிறார்கள். ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே கேட்கிறேன்: எடை குறைந்த பிறகும் எந்த நேரத்தில் நடப்பீர்கள்? காலையா, மாலையா, மழைக்காலத்தில் எங்கே? அதற்கு விடை எழுதிய பிறகுதான் உணவுப் பட்டியலைத் தொடுகிறோம்.

மருத்துவரைக் கேட்காமல் வேளையைத் தவிர்ப்பது

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருந்தளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.