லுக் ஃபார்வர்ட் டு: கடைசி வரியில் வரும் பிழைகள்

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போது மற்ற வரிகளையெல்லாம் நாலு முறை படித்துத் திருத்துவோம். கடைசி வரியை மட்டும் கை தானாகத் தட்டிவிடும்: “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ” (உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்). பிழை அங்கேதான் இருக்கிறது. ‘ஹியர்’ என்றல்ல, ‘ஹியரிங்’ என்று வரவேண்டும்.

‘டு’ வந்தால் அடுத்து வினைச்சொல் அப்படியே வரும் என்று பள்ளியில் படித்தது மனதில் பதிந்துவிட்டது. “ஐ வான்ட் டு கோ” போன்ற இடங்களில் அது சரிதான். இங்கே இருக்கும் ‘டு’ ஒரு ப்ரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். அதன் பின்னால் பெயர்ச்சொல் வரலாம்; வினை வந்தால் ஐ.என்.ஜி. சேர்த்தே ஆகவேண்டும். குழப்பமாக இருந்தால் ‘டு’வுக்குப் பிறகு ‘இட்’ போட்டுப் பாருங்கள். “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” சரியான வாக்கியம். “ஐ வான்ட் டு இட்” என்று யாரும் சொல்வதில்லை. ‘இட்’ பொருந்தும் இடத்தில் வினைக்கு ஐ.என்.ஜி. வேண்டும். “ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்” (நடந்து பழகிவிட்டது) என்பதும் இதே வகை. ஆனால் “ஐ யூஸ்ட் டு வாக்” (முன்பெல்லாம் நடப்பேன்) வேறு, அங்கே ஐ.என்.ஜி. வராது.

“லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை” என்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘பதிலுக்காக’ என்று தமிழில் நினைப்பதால் ‘ஃபார்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வெயிட்டிங் ஃபார்’ சரி. ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்றால் ‘டு’ மட்டும்தான்.

இலக்கணத்தைவிடப் பொருளில் வரும் தவறு மோசமானது என்பேன். தமிழில் மழையையும் எதிர்பார்க்கிறோம், வெள்ளத்தையும் எதிர்பார்க்கிறோம். லுக் ஃபார்வர்ட் டு-வில் ஆசை கலந்திருக்கிறது. விடுமுறைக்கு, தங்கையின் கல்யாணத்துக்கு, நண்பரின் வருகைக்குப் பொருந்தும். நாளைய அறுவை சிகிச்சையைப் பற்றி அப்படி எழுதினால் படிப்பவர் திகைப்பார். மாறாக, மேலதிகாரிக்கு “ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை” என்று எழுதினால், பதில் வந்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுவதுபோல் ஒலிக்கும். மரியாதையாகக் கேட்க நினைத்தவருக்கு அது பெரிய நஷ்டம்.

‘ஐ லுக் ஃபார்வர்ட்’, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ இரண்டும் சரியே. முதலாவது அலுவலகக் கடிதத்துக்கு, இரண்டாவது தெரிந்தவர்களுக்கு. இரண்டையும் கலந்து ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.