கொடியில் தொங்கும் கதைகள்: தெருவில் வாசிப்பு நேரம் தொடங்குவது எப்படி?

தெருப் பிள்ளைகளைக் கூட்டிக் கதைப் புத்தகம் வாசிக்க வைக்க இடம், நேரம் எல்லாம் உங்கள் தெருவைப் பொறுத்தது. நிழலும் ஒரு பாயும் போதும். நேராகப் புத்தகத்துக்கு வருவோம்.

1. புத்தகம் சேர்ப்பது

‘பழைய புத்தகம் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் கைடும் பழைய பாடநூலும்தான் வந்து குவியும். ‘படம் போட்ட கதைப் புத்தகம் மட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். என் ஓட்டு ஒல்லியான புத்தகங்களுக்கே. ஒரே உட்காரலில் முடித்த பிள்ளை அடுத்ததை எடுக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிட்டும் கொள்ளலாம். ஆனால் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் படங்கள் கரிப்பிடித்துப் போகும். அச்சிடும் காசுக்குத் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்பகங்களின் புத்தகங்களில் சிலவற்றை வாங்குவது மேல்.

2. தொங்கவிடுவது

அலமாரி வேண்டாம். ஒல்லிப் புத்தகத்தை அடுக்கி வைத்தால் தலைப்பே தெரியாது. பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் நைலான் கொடி கட்டி, அட்டை வெளியே தெரியும்படி கிளிப் போடுங்கள். நடுவில் விரித்துக் கொடியில் போட்டால் ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் தாள் கிழியும்.

3. பிள்ளையே எடுக்கட்டும்

கஷ்டமான படி இதுதான், அதுவும் பெரியவர்களால். ஏழாம் வகுப்புப் பையன் பக்கத்துக்கு இரண்டே வரி உள்ள யானைக் கதையை எடுப்பான். “இது சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுடா, பெருசா ஏதாவது எடு” என்பார் அம்மா. அவ்வளவுதான், புத்தகம் கொடிக்குப் போகும், பையன் கிரிக்கெட்டுக்குப் போவான். அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகள் உண்டு. பிள்ளை பள்ளியில் எந்தப் படிநிலைப் புத்தகத்தைப் படித்தது என்று கேட்டால் அதன் வேகம் உங்களுக்குப் பிடிபடும். அது உங்கள் தகவலுக்கு மட்டும், கொடியில் எழுதித் தொங்கவிட அல்ல.

படித்து முடித்ததும் ‘கதையின் நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள். பரிசும் வேண்டாம். பரிசு வைத்தால் பிள்ளைகள் பக்கத்தை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

4. வாசித்துக் காட்டுவது

வாசித்துக் காட்டுவதற்கு முந்தின நாளே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். படம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் எட்டிப் படியுங்கள். குரல் மாற்றிப் பேச வரவில்லையா? சரி, நிதானமாகப் படித்தாலே போதும்.

5. வீட்டுக்குக் கொடுப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு: பெயர், புத்தகம், தேதி. அபராதம் போட்டால் புத்தகத்தோடு பிள்ளையும் திரும்பி வராது. சில தொலையத்தான் செய்யும்.

பிற்சேர்க்கை: ‘பெரிய பெண் பிள்ளைகள் வருவதே இல்லை’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான். தூக்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள். குட்டிகளுக்கு இன்னொரு பாயும், கிழிக்க முடியாத கெட்டி அட்டைப் புத்தகம் நாலைந்தும் போட்டு, பக்கத்தில் ஒரு பாட்டியை உட்கார வையுங்கள்.