லயத்துக்கு ஒரு லைன்

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்க நினைப்பவர்கள், எந்தப் பெக்கேஜ் நல்லது, எத்தனை ஜிபி தருவார்கள் என்றுதான் என்னிடம் பேச்சைத் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுக்குக் கிட்ட இருக்கிற போஸ்ட்டில் என்ன தொங்குது, பார்த்தியா?"

நான் டெலிபோன் கம்பனி ஆள் இல்லை. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) 22 வருஷம் கரண்ட் வேலை பார்த்தவன். 2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடமெல்லாம் போனுக்கு வந்தபோது, பணியக் கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில்) இருக்கும் தங்கச்சியின் மகள் சிக்னலுக்காக மலை ஏறிப் போய், அட்டைக் கடியோடு பாடம் படித்தாள். அதைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு லைன் எடுத்துக் கொடுக்க இறங்கினேன். அதற்குப் பிறகு இன்றுவரை 17 வீடு. அவற்றில் நான் கண்ட கோளாறுகளில் முக்கால்வாசி ரவுட்டரில் இல்லை, போஸ்ட்டிலிருந்து சுவர் வரைக்கும் வருகிற கம்பியில்தான் இருந்தது. ஆகவே இங்கே கம்பியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் டிஜிட்டல் லைன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய டெலிபோனில் நம் குரல் மின்சார அலையாகவே எக்ஸ்சேஞ்ச் (டெலிபோன் நிலையம்) வரை போகும். அங்கே அதை ஒரு செக்கனுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக மாற்றுவார்கள். பெருக்கிப் பாருங்கள், 64 கிலோபிட். அந்த எண்களை வீடு வரைக்கும் கொண்டுவந்ததுதான் ஐஎஸ்டிஎன் என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட லைன். அதில் இரண்டு 64 கிலோபிட் பாதையும், கட்டளைகளுக்கு ஒரு சின்னப் பாதையும் இருக்கும். இன்றைக்கு அதை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பின்னால் வந்தது ஏடிஎஸ்எல். அதே இரட்டைச் செப்புக் கம்பியில் குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே ஓடும், இன்டர்நெட் அதற்கு மேலே தனியாக ஓடும். ஒரே ரோட்டில் கொழுந்து லொறி ஒரு பக்கம், ஆட்டோ ஒரு பக்கம் போகிற மாதிரிதான். பைபர் லைனில் செம்பே கிடையாது. கண்ணாடி இழையில் ஒளியாகப் போகும், குரலும் அதற்குள்ளேயே டேட்டாவாகப் போய்விடும்.

இப்போது போஸ்ட்டுக்கு வருவோம். போஸ்ட்டின் மேலே பெட்டியும், பக்கத்தில் சுருட்டிக் கட்டிய மெல்லிய கறுப்புக் கேபிளும் தெரிந்தால் அநேகமாகப் பைபர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் வேறு யோசனை வேண்டாம், பைபரையே கேளுங்கள். இரட்டைக் கம்பி ஓடும் பழைய டெலிபோன் வயர் மட்டும் இருந்தால் செம்பு. இரண்டும் இல்லாவிட்டால் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்தான். அதற்கு லைன் தேவையில்லை, ஜன்னலோரம் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறதென்று தேடி வைத்தால் போதும்.

செம்பு என்றால் தூரத்தைப் பாருங்கள். டவுனுக்குக் குறுக்குப் பாதையில் மூன்று கிலோமீற்றர் என்று நாம் சொல்வோம். கம்பி குறுக்குப் பாதையில் வராது. ரோட்டோடு வளைந்து, ஆற்றைச் சுற்றி, அடுத்த தோட்டத்துக்குள் புகுந்து வரும். ஏடிஎஸ்எல்2 பிளஸ் என்ற வகையில் ஏட்டளவில் 24 மெகாபிட் வரை கிடைக்கும். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. கம்பி மூன்று கிலோமீற்றரைத் தாண்டினால் பாதிக்கும் கீழே போகும், ஐந்தைத் தாண்டினால் லைன் பிடிப்பதே சந்தேகம். அதனால் காசு கட்டுவதற்கு முன், அதே போஸ்ட்டில் லைன் எடுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கம்பனி வரைபடத்தை விட அவருடைய பதிலை நான் நம்புவேன்.

விண்ணப்பத்துக்கு வந்தால், டவுனில் இருப்பவர்களுக்கு இது பத்து நிமிஷ வேலை. அடையாள அட்டை, கரண்ட் பில், கையெழுத்து, முடிந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு அப்படியில்லை. நம்முடைய அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும், வீட்டு இலக்கம் இருக்காது. கரண்ட் பில் அப்பா பெயரிலோ இறந்துபோன தாத்தா பெயரிலோ வரும். நிலமும் நம்முடையது இல்லை. ஆகவே இரண்டு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்: கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ், தோட்டத்து ஆபீஸில் துரையின் (மனேஜரின்) கடிதம். அந்தக் கடிதத்தில், இன்ன கணக்கில், இன்ன லயத்தில், இத்தனையாவது காம்பராவில் (அறையில்) இவர் குடியிருக்கிறார் என்பதோடு, தோட்டத்துக்குள் கம்பி இழுக்க ஆட்சேபம் இல்லை என்ற வரியும் இருக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டுத்தான் நான் முதல் தடவை இரண்டு கிழமை அலைந்தேன். கம்பி இழுக்க வந்தவர்களை வாட்ச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

இன்னொன்று, பில் வருகிற முகவரி. தோட்டத்து ஆபீஸுக்கு வருகிற தபால் எப்போது கைக்குக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பில்லை எஸ்எம்எஸ்ஸாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் காகிதம் வருவதற்குள் லைனை வெட்டிவிடுவார்கள்.

கம்பி இழுக்கிற நாளில் கட்டாயம் ஒரு ஆள் வீட்டில் இருக்கவேண்டும், அதுவும் சொல்வதற்குத் துணிவுள்ள ஆளாக. லைன்மேனுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். குறுகிய வழியாக இழுத்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார். நாம் பார்க்கவேண்டியது மூன்று விஷயம். கம்பி நிழல் மரக் கொப்பில் உரசக்கூடாது. மே மாதம் தொடங்கித் தென்மேல் பருவக் காற்று அடிக்கும்போது, அந்தக் கொப்பு கம்பியின் தோலை அரம் போட்ட மாதிரி உரித்துவிடும். நடுவில் ஒட்டுப் போடக்கூடாது, போஸ்ட்டிலிருந்து வீடு வரை ஒரே துண்டாக வரவேண்டும். சுவருக்குள் நுழைகிற இடத்தில், துவாரத்துக்குக் கீழே கம்பி ஒரு தொங்கலாக இறங்கி, பிறகு மேலே ஏறி உள்ளே போகவேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி விழுந்துவிடும். நேராக நுழைத்தால் தண்ணீர் கம்பியோடு நடந்து வந்து உள்ளே பெட்டிக்குள் குடியேறும்.

ஒட்டு விஷயத்தில் என் அசட்டுத்தனத்தையும் சொல்லவேண்டும். தங்கச்சி வீட்டில் கூரை மாற்றியபோது கம்பி அறுந்தது. கரண்ட்காரன் என்ற திமிரில் நானே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டேன். வெயில் நாளில் பேய் மாதிரி வேலை செய்தது. மழை தொடங்கிய மூன்றாம் நாள் போனில் கரகரவென்று சத்தம், இன்டர்நெட் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விழுந்தது. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. கரண்ட் வயரில் ஓடுவது பெரிய கரண்ட். இங்கே ஓடுவது மிகச் சின்னச் சமிக்ஞை, கொஞ்சம் களிம்பு ஏறினாலே செத்துவிடும். உள்ளே ஜெல் நிரப்பிய சின்ன இணைப்பான்கள் இருக்கின்றன. லைன்மேன்களின் பையில் எப்போதும் இருக்கும், கேட்டால் இரண்டு தருவார்கள். இன்னும் ஒன்று: டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது 70, 80க்கு ஏறும். ஈரக்கையோடு பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டாம். நான் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குள் செம்பு லைன் வந்ததும் முதலில் மாட்டவேண்டியது, குரலையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர். ஒரு வாய் லைனுக்கு, ஒரு வாய் போனுக்கு, ஒரு வாய் ரவுட்டருக்கு. காம்பராவில் ஒன்று, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒன்று என்று இரண்டு போன் இருந்தால், ஸ்ப்ளிட்டரின் போன் வாயிலிருந்தே இரண்டுக்கும் கம்பி கொண்டுபோங்கள். ஒரு போனை ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே மாட்டிவிட்டால், மணி அடிக்கும்போதெல்லாம் இன்டர்நெட் விழும். பழைய எக்ஸ்டென்ஷன் வயர் போன் இல்லாமல் சும்மா தொங்கினால் அதையும் கழற்றி எடுத்துவிடுங்கள். முனையில் ஒன்றும் இல்லாத கம்பி சமிக்ஞையைத் திருப்பி அடித்துக் குழப்பும்.

ரவுட்டரில் டிஎஸ்எல் விளக்கு முதலில் மினுக்கும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் நிலையாக எரியவேண்டும். அது நிலைத்தும் இன்டர்நெட் விளக்கு சிவப்பாக இருந்தால் அநேகமாகக் கம்பியில் பிழையில்லை, யூசர் நேமையோ பாஸ்வேர்டையோ பிழையாக அடித்திருக்கிறீர்கள். அவற்றையும், லைனில் டேட்டா போகிற பாதையைக் குறிக்கும் விபிஐ, விசிஐ என்ற இரண்டு எண்களையும் இணைப்பு தருகிறவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெட்டியை ரீசெட் பண்ணும் நாள் ஒன்று வரும், அப்போது கேட்டால் யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து (சில பெட்டிகளில் வேறு எண், அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும்) உள்ளே போய், இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று அட்டெனுவேஷன், சமிக்ஞை வழியில் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்பது. கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 13, 14 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளலாம். 40க்குள் இருந்தால் சந்தோஷப்படலாம், 60ஐத் தாண்டினால் ஸ்பீட் கூடிய பெக்கேஜுக்குக் காசு கொடுக்காதீர்கள், வீண். மற்றது நொய்ஸ் மார்ஜின், லைன் தாங்கக்கூடிய இரைச்சலுக்கு இன்னும் எத்தனை டெசிபெல் இடம் மிச்சம் என்பது. 6க்குக் கீழே போனால் லைன் அடிக்கடி விழும், 10க்கு மேலே இருந்தால் மழைக்கும் தாங்கும். அதே இடத்தில் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

பைபர் எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே பார்க்கவேண்டியது ஒளியின் அளவு: டிபிஎம் என்ற அலகில் மைனஸ் 27க்கு மேலே, அதாவது மைனஸ் 20, 22 போல இருந்தால் நல்லது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பானால் ஒளி வரவில்லை, நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, முறைப்பாடு கொடுங்கள். இழையைத் தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவை விடச் சின்னதாக வளைக்காதீர்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக, இஸ்தோப்பில் உயரமாகப் போகிறதே என்று அதில் துணி காயப்போடாதீர்கள். சிரிக்கவேண்டாம், மேல் கணக்கில் ஒரு லயம் முழுக்க இரண்டு நாள் லைன் இல்லாமல் இருந்தது இதனால்தான்.

பைபரில் ஒரு குறையும் உண்டு. பழைய செப்பு லைனில் கரண்ட் போனாலும் போன் பேசும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். பைபரில் வீட்டுப் பெட்டி அணைந்தால் போனும் போய்விடும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியின் அடப்டரில் எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் பார்த்து வாங்கவேண்டும்.

இடியைப் பற்றிச் சொல்லாமல் மலைநாட்டில் எந்த லைனையும் பற்றி எழுதமுடியாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தால், ரவுட்டரின் கரண்ட் பிளக்கையும் டெலிபோன் கம்பியையும் இரண்டையுமே கழற்றுங்கள். கரண்டை மட்டும் கழற்றி இரண்டு ரவுட்டரை எரித்தவர்களை எனக்குத் தெரியும். இடி வந்தது டெலிபோன் கம்பியால். கடையில் விற்கும் இடிதாங்கிப் பெட்டி நல்லதுதான், ஆனால் எர்த் சரியாக இருந்தால் மட்டும். லயத்து வயரிங்கில் எர்த் கம்பி எங்கேயோ வெட்டிவிடப்பட்டிருக்கும். பெட்டி வாங்கும் முன் எர்த்தைச் சோதியுங்கள். பைபர் இழையில் மின்சாரம் ஓடாது, அதனால் அந்தப் பக்கத்துப் பயம் இல்லை. கரண்ட் பிளக்கை அப்போதும் கழற்றத்தான் வேண்டும்.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாக: பழைய லயங்களின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் அலையை விடாது. ரவுட்டரை அலுமாரிக்குள் மறைக்காமல், கதவு திறந்திருக்கும் நடுக் காம்பராவில் உயரமாக வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு சுவரோடு களைத்துவிடும். பின்பக்கக் குசினிக்கு 2.4தான் போகும். பாஸ்வேர்டைப் பக்கத்துக் காம்பராக்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் சொல்லமாட்டேன். மாதத்து ஜிபி 15ஆம் திகதியே முடிந்துவிட்டது என்று மட்டும் என்னிடம் வரவேண்டாம்.

லைன் வந்த முதல் நாள் பார்த்த எண்களை எழுதி வையுங்கள். பெரிய மழை ஒன்று பெய்ததும் திரும்பப் பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் எங்கேயோ தண்ணீர் இறங்கியிருக்கிறது, அந்த எண்களைச் சொல்லியே முறைப்பாடு கொடுங்கள். 'நெட் ஸ்லோ' என்று சொல்வதற்கும் 'மார்ஜின் 11இலிருந்து 4க்கு விழுந்திருக்கு' என்று சொல்வதற்கும் கிடைக்கிற பதில் வேறு. தங்கச்சி வீட்டில் கலண்டருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது, முதலில் அட்டெனுவேஷன், பிறகு மார்ஜின். வெயில் நாள்: 38, 11. டேப் சுற்றிய மழை நாள்: 38, 3. ஒட்டை வெட்டி எறிந்து முழுக் கம்பி மாற்றிய பிறகு வந்த மழை நாள்: 38, 10.