ஜவ்வு விலகியது இருக்கட்டும், கட்டிலில் படுக்கச் சொன்னார்களா?

மாமாவுக்கு நாலு மாதமாக இடுப்பு வலி. டாக்டரைப் பார்க்கும் முன்பே ஸ்கேன் எடுத்துவிட்டார். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "ரெண்டு இடத்துல ஜவ்வு விலகிடுச்சாம்பா" என்றார். அன்றிலிருந்து குனிவதில்லை, குடம் தூக்குவதில்லை. வலியைவிட அந்த ரிப்போர்ட்தான் அவரைப் படுக்க வைத்தது.

வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். நரை மாதிரிதான் அதுவும். மூன்று மாதம் தாண்டிய வலியில் பெரும்பாலானவற்றுக்கு இன்ன இடம்தான் காரணம் என்று விரல் வைக்க முடியாது. கால் நரம்பு அழுந்துகிறதா என்று அறிய, மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினால் வலி முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இறங்குகிறதா, குதிகாலால் நடக்க முடிகிறதா, கால் கட்டைவிரலில் பலம் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மாமா போன பெரிய ஆஸ்பத்திரியில் அவரை யாரும் கட்டிலில் ஏறச் சொல்லவே இல்லை.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுநீர் போக முடியவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துவிட்டது, கால் துவள்கிறது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும். நம் ஊரில் அது இன்னும் இருக்கிறது. டாக்டர்களே கோட்டைவிடுவது ஒன்று உண்டு. இருபது சொச்சம் வயதுப் பையன், காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பில் விறைப்பு, நடந்தால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. இது மூட்டுவாத டாக்டர் பார்க்க வேண்டிய கேஸ்.

அப்புறம் பெல்ட். மாமா குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், கரன்ட் வைப்பது எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் வலி மாத்திரை சில நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் அடி வாங்கும். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

உடற்பயிற்சியில் எது உசத்தி என்று அலைய வேண்டாம், விடாமல் செய்ய முடிவதே போதும். முதல் வாரம் வலி கொஞ்சம் கூடலாம். அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மாமாவும் இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றாவது தடவை பால் பூத் வரை, அப்புறம் குளக்கரை வரை நடந்தார். வலி பாதிதான் குறைந்திருக்கிறது. ஆனால் குடம் தூக்குகிறார்.