பழைய துவக்கு எண்ணெய்ப் போத்தல் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டனிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்து, விரல் நீளத்தில் ஒரு பித்தளைப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பழைய பிரித்தானியப் படைத் துவக்கான லீ-என்ஃபீல்டின் பின்கட்டைக்குள் ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்குமே, அந்த எண்ணெய்ப் போத்தல். தங்கம்போல மின்னியது. "ராத்திரி முழுக்கத் தேய்ச்சேன் அண்ணே, எப்படி இருக்கு?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்மேல் கோபம் இல்லை. இதே வேலையை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

விலை விசாரிக்காமல் வாங்காதே, உடைந்ததை வாங்காதே என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புளி போட்டுத் தேய்ப்பது

1998 இல் டிக்கோயாப் பக்கம் ஒரு பெரியவரிடம் இருநூறு ரூபாய் கொடுத்து என் முதல் போத்தலை வாங்கினேன். பையனாகத் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் அப்புவாக, அதாவது பங்களாச் சமையற்காரராக, இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய துரையும் சின்னத் துரையும் தோட்டத்துரைமாரின் படையில் இருந்தார்களாம். சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற அந்தப் படை 1900 இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே இருந்த படை. முதல் உலகப் போரில் இதிலிருந்து ஒரு பிரிவு எகிப்துக்கும் பிறகு காலிப்போலிக்கும் போனது. 1949 இல் கலைத்துவிட்டார்கள். துரைமார் சுட்டுவிட்டு வந்ததும் துவக்கைத் துடைத்து வைப்பது இந்தப் பையனின் வேலை.

போத்தல் கறுத்துப் போயிருந்தது. கழுத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகி இருந்தது. மூடியைத் திருகினால் அதோடு ஒட்டிய ஒரு சின்னக் கரண்டி வெளியே வரும், ஒரு சொட்டு மட்டும் எடுத்து வைக்க. மூடிக்குள் ஒரு தோல் வளையம், காய்ந்து கல்லாகியிருந்தது.

எங்கள் வீடுகளில் பித்தளை கறுத்திருந்தால் அது குற்றம். கார்த்திகைக்கு முதல் நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில் நானும் புளியை எடுத்தேன். அப்புறம் சாம்பல். அதுவும் போதவில்லை என்று டவுனில் ஒரு பட்டறையில் கொடுத்துப் பாலிஷ் சக்கரத்தில் பிடிக்கச் சொன்னேன். தோல் வளையம் நாறுகிறது என்று தூக்கி எறிந்தேன்.

மின்னுகிற போத்தலை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் காட்டப் போனேன். அவர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு எங்க தம்பி?"

"எந்தக் கோடு தாத்தா?"

"அடியில கத்தியால ரெண்டு கோடு இழுத்திருந்தேனே. பெரிய துரையோடதுக்கு ஒண்ணு, சின்னத் துரையோடதுக்கு ரெண்டு. மாத்தி வெச்சா ஏசுவாங்க."

கோடு போயிருந்தது. கோட்டோடு சேர்ந்து அடியில் பதித்திருந்த தயாரிப்பாளரின் எழுத்தும், அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்புக்குறியும் பாதி தேய்ந்திருந்தன. அம்புக்குறியும் எழுத்தும் வேறு நூறு போத்தல்களில் கிடைக்கும். அந்த இரண்டு கோடு வேறு எதிலும் கிடைக்காது. துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவர்களின் துவக்கைத் துடைத்த ஒரு பையனின் கையெழுத்து அந்தக் கோடுகளில்தான் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எதையும் தொடாமல், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறல்கூடச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஈர்க்கு முனையால் மெல்லச் சுரண்டுங்கள், போதும். புளி, எலுமிச்சை, வினாகிரி எதுவும் வேண்டாம். புளிப்பு பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்துவிடும், செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். கறுப்பு திரும்பவும் ஏறும், தேய்ந்த எழுத்து திரும்பாது. தோல் வளையம், அழுகிய கயிறு, எண்ணெய் ஊறிய பிளனல் துண்டு, எதையும் எறியாதீர்கள்.

வளைந்த புனலைக் குசினிச் சாமான் என்று விடுவது

கழுத்து வளைந்த தகரப் புனல் ஒன்றைப் பழைய சாமான் குவியலில் பார்த்தால் மண்ணெண்ணெய்ப் புனல் என்று தள்ளிவிடாதீர்கள். துவக்குக் குழாய்க்குள் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே அப்படி ஒன்று இருந்தது.

அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகிக் குழாய்க்குள் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் மலையில் மூடுபனி இறங்கும் ராத்திரி எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. காலையில் துரு தயாராக இருக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே முதலில் கொதிநீர், அப்புறம் கயிறு கட்டி இழுக்கும் துணி, கடைசியில் எண்ணெய். தண்ணீரோடு கலந்தால் பால்போல வெளுக்கும் துப்புரவு எண்ணெய்கள் வந்ததும் இதே காரணத்தால்தான்.

இழுக்கும் கயிற்றின் ஒரு முனையில் பாரத்துக்கு ஒரு பித்தளைக் குண்டு, மறுபக்கம் மூன்று கண்ணிகள். ஒன்று கம்பிவலைக்கு, ஒன்று நான்குக்கு இரண்டு அங்குலப் பிளனல் துணிக்கு, ஒன்று குழாய்க்குள் சிக்கினால் திரும்ப இழுக்க. குண்டை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

விற்பவர் சொல்லும் காலத்தை நம்புவது

தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900 இல் தியத்தலாவையில் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு "போயர் கைதியின் துவக்கு எண்ணெய்" என்று ஒரு டின்னை நீட்டுகிறார்கள். கைதியிடம் ஏது துவக்கு?

காலத்தை லேபிளிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் தேசிய ரைபிள் சங்கம் 1859 இல் தொடங்கியது. 1860 இல் விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்திய விட்வர்த் துவக்கின் விசையைக் கயிற்றால் இழுத்துச் சுட்டுத் தொடக்கிவைத்தார். தூரம் 400 யார். 1890 இல் போட்டி பிஸ்லிக்கு மாறியது. ஆகவே பிஸ்லி என்று அச்சடித்த டின் அதற்குப் பிந்தியதுதான். அங்கே பெரிய பரிசு அரியணையில் இருப்பவரின் பெயரால் வழங்கும். விக்டோரியா காலத்தில் ராணிப் பரிசு, 1901 முதல் 1951 வரை ராஜா பரிசு, 1952 இலிருந்து 2022 வரை மறுபடி ராணிப் பரிசு, 2023 இலிருந்து மறுபடி ராஜா பரிசு. பழைய விளம்பரத்தில் "ராஜா பரிசை வென்றவர் பாவித்த எண்ணெய்" என்று இருந்தால் ஐம்பது வருடத்துக்குள் காலம் அடங்கிவிட்டது. .303 என்று போட்டிருந்தால் 1880களின் கடைசிக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிளாஸ்டிக் போத்தலை விக்டோரியா காலத்தது என்று சொல்பவரிடம் பேச்சை வளர்க்கவேண்டாம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது.

பழைய எண்ணெயைப் பாவிப்பது

வேண்டாம், தையல் மெஷினுக்குக்கூட வேண்டாம். சில பழைய கரைசல்களில் நைட்ரோபென்சீன் இருந்தது, அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

பொலித்தீன் பையில் கட்டி வைப்பது

வியர்க்கும். காகித லேபிள் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

டின்னுக்குள் தோட்டா கிடந்தால்

கை வைக்காதீர்கள், சேர்ப்பில் வைக்கலாமா என்று யோசிக்கவும் வேண்டாம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கே பொலிசுக்கு அறிவியுங்கள்.