பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டெயில் லைட்: டிக்கிக்குள் வினிகர் வாசனை வரக் கூடாது

போன மாதம் ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை, முன்விளக்குகள் எழுந்து படுக்குமே, அந்த வண்டி. பின்னால் புது டெயில் லைட் பளபளத்தது. "அண்ணா, நேத்து ராத்திரி நானே மாட்டினேன், பாருங்க" என்று டிக்கியைத் திறந்தான். குப்பென்று வினிகர் வாசனை. லைட்டைக் கழற்றிப் பார்க்கத் தேவையே இல்லாமல், என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே செய்திருந்தான்.

இடது வலது மாற்றி மாட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் ஒயரைத் தொட்டு ஃபியூஸைப் போக்குவது, இதெல்லாம் அன்றைக்கே தெரிந்து அன்றைக்கே சரியாகிவிடும் தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். மாட்டிய அன்று எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்து, மாதங்கள் கழித்துச் செலவு வைக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் அப்புவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னமும் மனம் ஆறுவதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

வெளியில் வாங்கும் டெயில் லைட்டின் முதுகு காரின் தகட்டோடு முழுசாகப் படிந்து உட்காருவது அபூர்வம். ஒரு மூலை ஒட்டும், எதிர் மூலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். லைட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது வருடம் ஓடிய காரின் பின்பக்கம் ஒரு முறையாவது இடி வாங்கியிருக்கும், டிங்கர் வேலை பார்த்துப் பட்டி போட்டிருப்பார்கள். தகடும் கோணல்தான். லைட்டோடு வரும் மெல்லிய நுரைப் பட்டையால், அதாவது கேஸ்கெட்டால், அந்த இடைவெளியை அடைக்க முடியாது. இங்கேதான் எல்லோருக்கும் ஒரே யோசனை வருகிறது: ஒரு டியூப் சிலிக்கான் பசை வாங்கிச் சுற்றிலும் தடவி, அழுத்தி ஒட்டிவிடலாம்.

நானும் ஒட்டினேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தத் திருப்தியில் இரண்டு வருடம் டிக்கியின் விரிப்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வினிகர் வாசனை வெறும் வாசனை அல்ல. சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கானில் பெரும்பகுதி காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் கீறிய இடத்தில் தெரியும் இரும்பு, துத்தநாகப் பூச்சு, பல்பு ஹோல்டரின் செம்பு, பித்தளை என்று எதையும் அது அரிக்கும். லைட்டின் முதுகுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட்டம் கிடையாது. அந்த ஆவி அங்கேயே அடைபட்டு நிற்கும்.

அடுத்தது வெயில். பிளாஸ்டிக் சூட்டில் விரிவது இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, இப்படியே பல மாதம் இழுபட்டதில், காய்ந்த சிலிக்கான் ஏதோ ஓர் இடத்தில் தகட்டை விட்டு முடியளவு பிரியும். அந்தப் பிரிவு வெளியே தெரியாது. விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைத்த பிறகோ மழை பட்டுக் குளிரும்போதோ அது சுருங்கி, அருகில் உள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். நுரைப் பட்டையாக இருந்தால் கசிந்தது தெரியும், காய்ந்தும் போகும். சிலிக்கானில் உள்ளே போன தண்ணீருக்குத் திரும்பி வர வழி இல்லை.

நான் ஒட்டியதும் இதே வகைக் காரில்தான். இந்தக் காரில் பேட்டரியும் டிக்கிக்குள்தான், வலது பக்கம் இருக்கிறது. கசிந்த தண்ணீர் அதற்குக் கீழே உள்ள பள்ளத்தில் போய்த் தேங்கியிருக்கிறது. பேட்டரி மாற்றுவதற்காக ஒரு நாள் விரிப்பை விலக்கினேன். பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கொப்புளத்தைத் தட்டினேன். தட்டிய சத்தம் வரவில்லை, நுனி தகட்டுக்குள் இறங்கிவிட்டது. அடியில் குனிந்து பார்த்தால் அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

அதோடு முடியவில்லை. லைட்டைக் கழற்றப் போனால் சிலிக்கான் விடவில்லை. நெம்பியதில் லைட்டின் முதுகு இரண்டாகப் பிளந்தது. துருவேறிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, பிரைமர் அடித்து, பெயின்டுக்குப் போனால், கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருந்த சிலிக்கான் படலத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகியது. பெயின்டர்கள் அதை மீன்கண் என்பார்கள். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. லைட்டுக்குக் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு, ஒரு டியூப் சிலிக்கானால் போனது.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் எந்தப் பட்டையும் இல்லாமல் லைட்டை வெறுமனே வைத்துப் பாருங்கள். விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். தகட்டில் எங்கே வெள்ளை ஒட்டவில்லையோ அங்கேதான் இடைவெளி. அந்த இடத்துக்கு மட்டும் தடிமன் கூட்டினால் போதும். பட்டைக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் நுரை வாங்குங்கள், அதிலும் நுண்ணறைகள் மூடியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த அறை கொண்ட நுரை பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தை மேல் பக்கம் வைக்காதீர்கள், அடிப்பக்கம் வையுங்கள்.

நுரை போதாத மூலைக்கு பியூட்டைல் கயிறு, அதாவது ஒட்டும் தன்மையுள்ள மெத்தென்ற ரப்பர் கயிறு, இருக்கிறது. அது காய்ந்து இறுகாது, தகடு விரிந்தால் கூடவே இழுபடும், அமிலம் விடாது. ஐந்து வருடம் கழித்துக் கழற்றினாலும் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சப்பிய மிட்டாய் போல இழுபட்டு வந்துவிடும். லைட்டின் முதுகில் உள்ள சின்ன மூச்சுத் துளைகளை மட்டும் எதைக் கொண்டும் மூடிவிடாதீர்கள். மூடினால் உள்பக்கம் பனி படிந்து நிற்கும்.

நட்டுகளைக் கையால் சுற்றி, எதிரெதிர் மூலையாக, ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். மெஷின் வேண்டாம். போல்ட் பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருப்பதால் ஒரு சுற்று அதிகமானாலும் அது உள்ளேயே சுழல ஆரம்பிக்கும், பிறகு முடுக்கவும் முடியாது கழற்றவும் முடியாது. நுரை அமுங்கி அடங்குவதற்கு ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு முறை பாருங்கள்.

அப்புறம் சோதனை. டிக்கிக்குள் லைட்டுக்கு நேர் கீழே செய்தித்தாளை விரித்து, டிக்கியை மூடிவிட்டு, வெளியே குழாயிலிருந்து தண்ணீரை மெதுவாக, கீழிருந்து மேலாக, பத்து நிமிடம் விடுங்கள். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று செய்தித்தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காரின் ஒயரை வெட்டுவது

வெட்டாதீர்கள். காரில் உள்ள கனெக்டருக்குப் பொருந்தும் எதிர் கனெக்டரை வாங்கி, ஒட்டுவதையும் வெட்டுவதையும் புது லைட்டின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒயரின் மேலுறை வயதாகிக் கெட்டிப்பட்டிருக்கும். அதன் மேல் கடித்துப் பிடிக்கிற கிளிப்பைப் போட்டால் உள்ளே நாலைந்து இழை அறுந்து, ஈரம் ஏறி, பச்சை பூக்கும். புது லைட்டின் ஒயர் நிறம் காரின் நிறத்தோடு பொருந்தும் என்றும் நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கச் சந்தைக்குப் போன சில கார்களில் பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்புதான். பிரேக்கின் மின்சாரம் இன்டிகேட்டர் சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் பின்னால் வரும். அப்படிப்பட்ட காரில் தனி மஞ்சள் இன்டிகேட்டர் உள்ள லைட்டை அதே ஒயரில் கொடுத்தால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் மஞ்சளும் எரியும். பின்னால் வருபவர் எதை நம்புவார்?

எர்த்தைச் சாதாரணமாக நினைப்பது

பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் துடிக்கிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் லைட்டைத்தான் திட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பை, பாருங்கள். திரும்பிப் போக வழி இல்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு பாதை தேடும்.

எல்லா விளக்கையும் எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை லைட்டின் எர்த்திலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்டைக் கழற்றி, தகடு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, மாட்டிய பின் மேலே கிரீஸ் தடவுங்கள். கார்வெட், லோட்டஸ் போன்ற கண்ணாடி இழை உடம்பில் மின்சாரம் பாயாது. அங்கே உடம்பில் போல்ட் போட்டு எர்த் எடுத்தால் எடுக்காததற்குச் சமம். தனி ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

எல்.இ.டி. மாட்டிவிட்டு ரெசிஸ்டரை பிளாஸ்டிக்கில் கட்டுவது

எல்.இ.டி.யின் மேல் எனக்குக் குறை இல்லை. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர் தூரம்.

ஆனால் 21 வாட் பல்பு இழுக்கிற ஒன்றே முக்கால் ஆம்பியரை எல்.இ.டி. இழுக்காது. இன்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பிளாஷர், பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடவென அடிக்கும், அல்லது பழைய சூட்டில் இயங்கும் வகை என்றால் அடிக்காமலே நிற்கும். இதற்கு, பல்பின் அளவுக்கு மின்சாரத்தை இழுத்துக் காட்டும் 6 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். 13.5 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 30 வாட் சூடு விடும். ஒரு காரில் அதை டிக்கியின் உள்பக்க பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தார்கள். மறைப்பில் ரெசிஸ்டரின் உருவம் அச்சாகப் பொசுங்கி இறங்கியிருந்தது. எல்.இ.டி.க்கான பிளாஷரையே மாற்றிவிடுங்கள். ரெசிஸ்டர்தான் வழி என்றால் வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சில பழைய கார்களில் குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் வசதி) பிரேக் பல்பின் இழை வழியாக எர்த்தை உணர்கிறது. எல்.இ.டி. போட்டதும் அது வேலை செய்யாமல் நின்றால் காரணம் இதுதான்.

சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.

சிவப்பையே போடுங்கள். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்பு குறைவு, மீதியை லென்ஸ் தடுத்துவிடும்.

கருப்புச் சாயம் அடிப்பது

வேண்டாம். வெயிலில் பிரேக் தெரியாது.

தின்னரால் துடைப்பது

அக்ரிலிக் லென்ஸ் சிலந்தி வலை போல விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

ரிஃப்ளெக்டர் இல்லாத லைட்

மேலே படும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சிவப்புப் பட்டைதான் ரிஃப்ளெக்டர். அழகுக்காகச் செய்த பல லைட்டுகளில் இது இருக்காது. பேட்டரி செத்து இருட்டில் ஓரமாக நிற்கும் காரைப் பின்னால் வருபவருக்குக் காட்டித் தருவது இது ஒன்றுதான். லென்ஸில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அங்கீகாரம் பெற்ற லைட்டுக்கு அது அடையாளம். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து அங்கீகரித்தது. ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் பம்பரில் தனியாகப் பொருத்துங்கள்.

பழைய லைட்டை விற்றுவிடுவது

முதல் எம்எக்ஸ்-5-இன் டெயில் லைட்டை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு இது தெரியாது, ஆனாலும் நல்ல வேளையாக இரண்டையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தான். பழைய கேஸ்கெட்டும் கிழியாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் முழுக்க இருவரும் உட்கார்ந்து பிளாஸ்டிக் சுரண்டியால் சிலிக்கானை எடுத்தோம். ஒரே ராத்திரிதான் ஆகியிருந்ததால் லைட் உடையாமல் வந்தது. பழைய கேஸ்கெட்டைப் புது நுரையின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, பிளேடால் வெட்டினோம். தண்ணீர் விட்டுப் பார்த்தபோது இடது பக்கச் செய்தித்தாள் காய்ந்திருந்தது, வலது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஈரம். மறுபடி கழற்றி, கீழ் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு பியூட்டைல் வைத்து மாட்டினோம். அடுத்த பத்து நிமிடமும் அவனே குழாயைப் பிடித்தான். டிக்கியைத் திறந்து, செய்தித்தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சிருக்குண்ணா" என்றான்.